மாறுவேடப் பிரபுவும் தையல்கடைப் பெண்ணும்: ரீஜென்சி காதல் கதையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: ரீஜென்சி காலத்து (மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம்) இங்கிலாந்தில், தன் அடையாளத்தை மறைத்து வாழும் ஒரு பிரபு, தையல்கடை நடத்தும் பெண்ணைக் காதலிப்பதாக நாவல் எழுதப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் கடையிலிருந்து தொடங்குங்கள், மாளிகையிலிருந்து அல்ல. குட்டு வெளிப்பட்டால் பிரபுவைப் பற்றி ஊர் நாலு நாள் வம்பு பேசும், அவ்வளவுதான். அவளுக்கோ வாடிக்கையாளர்கள் போவார்கள், பெயர் கெடும், கடையே மூடிப்போகலாம். கதையின் பதற்றம் அவள் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்கு அந்தக் காலச் சட்டமே வழி தருகிறது. சீமாட்டிகள் துணியைக் கடனுக்குத் தைத்துக்கொண்டு பல மாதம் கழித்துப் பணம் கொடுப்பது அன்று சர்வசாதாரணம். வாடகையோ லேடி டே (மார்ச் 25), மிட்சம்மர் (ஜூன் 24), மிக்கேல்மஸ் (செப்டம்பர் 29), கிறிஸ்துமஸ் என்று வருடத்துக்கு நான்கு தவணையில் தவறாமல் வந்து நிற்கும். கடன் கட்ட முடியாத கடைக்காரியைச் சிறையில் அடைக்கலாம். லண்டனில் ஃப்ளீட், மார்ஷல்சீ சிறைகளில் பெரும்பாலும் இப்படிப்பட்ட கடனாளிகள்தான் இருந்தார்கள். ஆனால் பட்டம் பெற்ற பிரபுவைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. அது அவர்களுக்குரிய சலுகை. இப்போது அவள் கணக்குப் புத்தகத்தில் வசூலாகாமல் கிடக்கும் பெரிய பாக்கி, அவனுடைய அம்மாவின் பாக்கி என்று வையுங்கள். வில்லனே தேவையில்லை.

வேடத்துக்கு வருவோம். ரீஜென்சி என்பது 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை. புகைப்படம் கிடையாது, ஆகவே தொலைவில் உள்ள ஒரு சந்தை நகரத்தில் முகத்தை யாருக்கும் தெரியாது. லண்டனில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே வண்டிக்காரர், தையற்காரர், வாயிற்காவலர் என்று அவனைத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர். லண்டனின் ரோஸ்மேரி லேன் போன்ற பழைய துணிச் சந்தையில் கோட்டு வாங்கிப் போட்டுக்கொள்வான், சரி. சட்டையை மறந்துவிடுவான். எழுதுபவர்களும் மறக்கிறார்கள்.

அந்தக் காட்சியை நிதானமாக எழுதலாம். கிழிந்த சட்டையைத் தைத்துத் தரச் சொல்லி அவளிடம் கொடுக்கிறான். அவள் ஜன்னல் ஓரமாகப் போய், துணியைத் திருப்பி, கீழ்மடிப்பை விரலால் தடவுகிறாள். நல்ல லினன். தையல் அவ்வளவு பொடியாக, ஒரே சீராக ஓடுகிறது. ஓரத்தில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாக இரண்டு எழுத்து, கீழே 7 என்ற எண், மேலே சின்னதாக ஒரு கிரீடம். வெளுப்புக்குப் போகும் துணி மாறிவிடாமல் இருக்கப் பெரிய வீடுகளில் இப்படித்தான் அடையாளம் போடுவார்கள். எண் 7 என்றால் குறைந்தது இன்னும் ஆறு இருக்கிறது. வேலை தேடி வந்தவனிடம் ஏழு லினன் சட்டையா? அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாய் திறக்காமல் தைத்துக் கொடுத்தால், அடுத்த பத்து அத்தியாயத்துக்குக் கதை அவள் கையில்.

கடிதம் இன்னொரு பொறி. அப்போது தபால் கட்டணத்தைக் கடிதம் பெறுபவர்தான் கட்டுவார். பிரபுக்கள் சபை உறுப்பினர் மடித்த தாளின் வெளிப்புறத்தில் ஊர், தேதி, மாதம், வருடம் எல்லாம் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டால் இலவசம். இப்படி நாளுக்கு 10 கடிதம் வரை அனுப்பலாம். பழக்கதோஷத்தில் ஒருமுறை அப்படி எழுதிவிட்டால் போதும், தபால்காரிக்கும் தெரிந்துவிடும்.

எந்தப் பெயரை வைத்துக்கொள்வான் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெயர்களை அறிவிக்க வேண்டும், அல்லது அறிவிப்பில்லாமல் மணக்க லைசென்ஸ் வாங்க வேண்டும். ஏமாற்றும் நோக்கில் பொய்ப் பெயரை அறிவித்திருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிடக்கூடும். இதற்கு எளிய வழி உண்டு. பிரபுவின் பட்டப் பெயர் வேறு, குடும்பப் பெயர் வேறு. எக்ஸெட்டர் ஏர்லின் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) குடும்பப் பெயர் செசில். பட்டத்தை மட்டும் மறைத்துவிட்டுச் சொந்தக் குடும்பப் பெயரிலேயே உலவட்டும். பொய்யும் குறைகிறது, திருமணமும் நிற்கிறது.

எக்ஸெட்டரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இது உண்மையிலேயே அந்தக் குடும்பத்தில் நடந்தது. ஹென்றி செசில், ஷ்ராப்ஷயரில் போலஸ் என்ற கிராமத்துக்கு ஜான் ஜோன்ஸ் என்ற பெயரில் வந்தார். 1790இல் ஒரு விவசாயியின் மகளான சாரா ஹாகின்ஸை மணந்தார். அப்போது ஹென்றியின் முதல் திருமணம் முறியவே இல்லை! 1791இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் விவாகரத்து வாங்கி, அதே ஆண்டு லண்டனில் சாராவை மறுபடி மணந்தார். 1793இல் ஏர்ல் பட்டம் வந்து, சாரா அந்தக் குடும்பத்தின் பர்லி மாளிகைக்குப் போனார். 1797இல் பிரசவத்தை அடுத்து இறந்துபோனார். இதை இனிமையான காதல் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சட்டத்தின் கண்ணில் சாரா மனைவியே இல்லை. ஹென்றி சொன்ன பொய்யின் பாரம் முழுக்க சாராவின் தலையில்தான் இருந்தது.

முடிவுக்கு ஒரு வார்த்தை. திருமணமான மறுகணம் பெண்ணின் அசையும் சொத்தும் வருமானமும் கணவனுடையதாகிவிடும். கடையில் உள்ள துணி, கல்லாப்பெட்டி, வாடிக்கையாளர் பாக்கி எல்லாமே. அவள் சம்மதிக்கத் தயங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். அவன் மன்னிப்புக் கேட்கும் காட்சியில் மண்டியிடுவதை விட, வக்கீலை அழைத்து, அறங்காவலர்களை நியமித்து, கடையை அவளுடைய தனிச்சொத்தாக எழுதி வைக்கட்டும். தேவாலயத்துக்குப் போவதற்கு முன்பே அந்தப் பத்திரத்தில் கையெழுத்தாக வேண்டும். அதற்கும் முன்பாக அம்மாவின் பாக்கியைத் தீர்க்கட்டும்.