வயலில் தாழி கிடைத்தால் நெடுஞ்சாலை நிற்குமா?

கேள்வி: தேசிய நெடுஞ்சாலைக்காக எங்கள் புன்செய் நிலத்தை எடுக்கிறார்கள். முன்னாய்வுக்கு வந்த தொல்லியல் குழு குழி வெட்டியதில் முதுமக்கள் தாழி வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வரப்பை உடைத்தார்கள், மரியாதையில்லாமல் பேசினார்கள். போன வருஷம் உழும்போது கிடைத்த சூதுபவள மணிகளும் ஒரு கலயமும் வீட்டில் இருக்கின்றன. இவற்றைக் காட்டி நிலத்தைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: வரப்பு, மரியாதை எல்லாம் இருக்கட்டும். நீதிமன்றம் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடமென அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் தாழி வந்ததாலேயே நில எடுப்பு நிற்காது. தோண்டி, அளந்து, படமெடுத்து, பொருளை எடுத்துப் போனபின் சாலை போடுவார்கள். முன்னாய்வு நடப்பதே அதற்காகத்தான். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கையும் வந்துவிட்டால் நிலம் அரசுடையது.

சரி, பாதுகாக்கப்பட்ட இடமாகவே அறிவித்துவிட்டார்கள் என்று வையுங்கள். 1958ஆம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, அதற்குள் அனுமதியில்லாமல் ஒரு அடி ஆழத்துக்கு மேல் தோண்டி விவசாயம் செய்ய முடியாது. சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பட்டா உங்கள் பெயரில் இருக்கும், ஒரு மாட்டுக்கொட்டகை போட முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி அந்த மணிகளைப் பற்றியது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்தான், இன்றும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் கூட. ஆட்சேபணை மனுவோடு மணிகளின் படத்தை இணைத்து, தங்கள் மேல் தாங்களே புகார் எழுதிக் கொடுத்த வழக்குக் கட்சிக்காரர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டாலும் அதே கதைதான். யாராவது விலை கேட்டு வருவார், உரிமம் இல்லாமல் விற்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இன்னும் கிடைக்குமா என்று ராத்திரியில் ஜேசிபி விடவே விடாதீர்கள்.

இந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்த்து, எங்கே, எப்போது, என்னென்ன கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுதிப் பொருளை ஒப்படையுங்கள். தாமதத்தை மறைக்கத் தேதியை மாற்றாதீர்கள். உழுதபோது பக்கத்து வயல்காரர் பார்த்திருப்பார்.

அப்புறம், நிலத்தை விட்டுவிட்டுத் தொகையைப் பிடியுங்கள். இழப்பீடு 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டக் கணக்கில் வரும், நூறு சதவீத ஆறுதல் தொகை, அதாவது கணக்கிட்ட இழப்பீட்டுக்கு மேல் அதே அளவு இன்னொரு பங்கு, உண்டு. தாழி வந்த நிலம் என்று கூடுதலாக ஒரு பைசா வராது. ஆனால் கிணறு, போர்வெல், மரங்கள், குழாய், உடைத்த வரப்பு எல்லாம் அளவைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே நின்று சரிபார்க்க வேண்டும். தொகை குறைவென்றால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம் போகலாம். அதுவரை காசை வாங்காமல் அடம்பிடிக்க வேண்டியதில்லை, ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.