போர்ட்ஃபோலியோ தளத்தில் படம் வந்ததும் எழுத்து ஏன் கீழே குதிக்கிறது?

படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உள்ளவை இடம் மாறுவதை 'லேஅவுட் ஷிஃப்ட்' என்பார்கள். பிரவுசருக்கு எழுத்து முதலில் வந்துவிடும். படம் பிந்தித்தான் வரும். அதன் அளவு தெரியாததால் உயரமே ஒதுக்காமல் எழுத்தை மேலே ஏற்றிவிடுகிறது. படம் வந்ததும் எல்லாம் கீழே தள்ளப்படும். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பதுபோல முன்பே இடம் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தின் எச்டிஎம்எல்லில் படத்துக்கான குறியில் (img) விட்த் (அகலம்) 1200, ஹைட் (உயரம்) 800 என அதன் உண்மையான பிக்சல் அளவை எழுதுங்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 100%, ஹைட் ஆட்டோ (உயரம் தானாக அமையும்) என்று வையுங்கள். இந்த ஆட்டோவை விட்டுவிட்டால் மொபைலில் முகம் நீண்டு தெரியும் (சொந்தப் படம் வைக்கும் தளத்தில் இதைவிடக் கேடு வேறில்லை).

அளவை எழுதினால் சிறிய திரையில் படம் சுருங்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சுருங்கும்; இந்த அமைப்பில் அந்த எண்களிலிருந்து பிரவுசர் எடுத்துக்கொள்வது முக்கியமாக 3:2 என்ற விகிதத்தைத்தான்.