450 வாட் என்று ஒட்டிவிட்டால் 450 வாட் ஆகிவிடுமா?

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டெல் ஆப்டிபிளக்ஸ் 3020 டவர் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ராம். பையன் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறான், நடுநடுவே கேமும் ஆடுவான். ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போதும் என்கிறார் கடைக்காரர். ஆனால் "உள்ளே இருப்பது 290 வாட்தான், தாங்காது, 450 வாட் எஸ்எம்பிஎஸ் 900 ரூபாய்க்குப் போட்டுத் தர்றேன்" என்கிறார். மாற்றட்டுமா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் 290 வாட்டே அந்த 900 ரூபாய் 450 வாட்டைவிட மேல்.

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தரும் பெட்டி. அதைப் பார்க்கும்போது கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிடுங்கள். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கரண்ட் போவது அந்த லைனில்தான். கேபினெட்டோடு சும்மா வரும் ரகத்தில் மேலே 450 என்றிருக்கும், கீழே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்றிருக்கும். 14-ஐ 12-ஆல் பெருக்கினால் 168 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. கார்டுக்கு அதனால் பயனில்லை. 12 வோல்ட்டுக்கு இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று தனியாக ஒரு வாட் போட்டிருப்பார்கள், அதுதான் எல்லை.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். ஐ5-4590-க்கு 84 வாட். போர்டில் மாறும்போது வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் லைனில் சுமார் 95. தனி வயர் இல்லாத கார்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்கக்கூடியது 75 வாட். அதில் 12 வோல்ட் பங்கு 66. ஹார்ட் டிஸ்க், ஃபேனுக்கு ஒரு 10. ஆக 171. கடைக்காரரின் 168 வாட் லைன் இங்கேயே படுத்துவிட்டது. போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 200 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். டெல்லின் 290 வாட் எதிலும் முட்டாமல் ஓட்டிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 3020 மதர்போர்டில் இருப்பது 8 பின் பவர் சாக்கெட். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் வருவது 24 பின். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வயர் இல்லாமல் சேராது. இதைச் சொல்லாமல் மாற்றச் சொல்பவர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கார்டுக்கு வருவோம். 1650-இல் இரண்டு வகை உண்டு. வாங்கும் முன் கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். 6 பின் சாக்கெட் இருந்தால் அது உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே கிடையாது. காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 3050 - ஆனால் 6 ஜிபி மட்டும். அது 70 வாட், தனி வயர் தேவையில்லாத மாடல்கள் கிடைக்கின்றன. அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு 130 வாட். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பார்கள் என்று தெரியாது. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், ஆனாலும் உங்களுக்கு ஒத்துவராது. அதில் டேட்டா போய்வர நான்கே லேன் (பாதை), உங்கள் போர்டின் எச்81 சிப்செட்டோ வேகம் குறைந்த பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-வோடு நின்றுவிட்டது. போதாததற்கு, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரும் அந்தக் கார்டில் இல்லை.

மானிட்டர் பழையதா? நீல நிற விஜிஏ வயர் மட்டும் போடுகிற மாதிரி இருந்தால், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்குங்கள். கார்டு போட்ட பிறகு வயரைக் கார்டில்தான் செருக வேண்டும். பழைய இடத்திலேயே செருகிவிட்டு, கார்டு செத்துப்போச்சு என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் நிறைய.

கேள்வி: அசெம்பிள் செய்த சிஸ்டம், ஐ5-3470, லோக்கல் 450 வாட் எஸ்எம்பிஎஸ். 6 பின் உள்ள கார்டு வாங்கினேன். வயர் இல்லாததால் சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பவர் பிளக்) 6 பின்னுக்கு மாற்றும் வயர் ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். கேம் போட்ட பத்தாவது நிமிஷம் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது. லேசாகத் தீய்ந்த வாசனையும் வருகிறது.
- வியாசர்பாடி வாசகர்

பதில்: முதலில் அந்த வயரைக் கழற்றுங்கள். இனி அதைப் போடவே போடாதீர்கள். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் கார்டோ அந்த வழியில் 75 வாட் வரை இழுக்கலாம். பின் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, பக்கத்துப் பின்னோடு ஒட்டும். வாசனை அங்கிருந்துதான். கழற்றும்போது கறுப்பு பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். அதே வயர்க்கொத்தில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் பிளக்கையும்.

விண்டோஸ் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வருவதை வைத்து விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் திடீரென்று நின்றது என்பதைத் தவிர அது காரணம் எதையும் சொல்லாது. மல்டிமீட்டர் இருந்தால், கேம் ஓடும்போது காலியாக இருக்கும் ஒரு மோலெக்ஸ் (நான்கு பின் உள்ள பழைய ரகம்) பிளக்கின் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கிடையே அளந்து பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 11.2-க்கு இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் வாசனை வந்த பிறகு அளப்பதுகூட வீண்.

80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான சான்று) முத்திரையுள்ள கம்பெனி 450 வாட் வாங்குங்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும், 6+2 பின் வயர் அதோடு சேர்ந்தே வர வேண்டும். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா பாருங்கள். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் டப்பென்று ஒரு சத்தம், அதோடு சரி. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றில் பிளக் பின்கள் சீக்கிரம் பச்சை பூக்கும்; பச்சையோடு இருக்கும் பின்னில் கார்டைச் செருகாதீர்கள்.

கேள்வி: செகண்ட் ஹாண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு வாங்கினேன். டிரைவர் ஏறவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமில் பார்த்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வருகிறது. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்கள்.
- ராயபுரம் வாசகர்

பதில்: பழைய ஜிடிஎஸ் 450 மாதிரியான கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை புரோகிராம்) மாற்றி 1050 டிஐ என்று விற்பது தெரிந்த ஏமாற்றுதான். உங்கள் கார்டில் நீல விஜிஏ சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். அசல் 1050 டிஐ சிப்புக்கு விஜிஏ தரும் வசதியே கிடையாது.

ஒரு மாடலை இன்னொன்று என்று சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் அச்சடித்த வரி இதற்குக் காப்பு ஆகாது. பில் தராமல் விற்பதும் அதே வகைதான். ஜிபியு-இசட் திரை, கார்டின் சீரியல் ஸ்டிக்கர், பில் மூன்றையும் படம் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

ஜிபியு-இசட்டை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன் கடை சிஸ்டத்திலேயே திறந்து பார்த்துவிடலாம்.