மெய்யில் முடியும் மொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஐந்தாண்டுகளாகக் கர்நாடக இசை கற்று வருகிறாள். தெலுங்குச் சொற்கள் உயிரெழுத்தில் முடிவதால் குரலை நீட்டிக் கார்வை கொடுத்துப் பாட இடம் தருகின்றன, தமிழ்ச் சொற்களோ மெய்யெழுத்தில் முடிந்து குரலை அடைத்துவிடுகின்றன, கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசிக்குப் போனதற்குக் காரணமே அதுதான் என்று அவளுடைய ஆசிரியை சொன்னாராம். எனக்கு மறுக்கவும் தெரியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. தமிழிசை என்பதில் மொழிக்கு உண்மையிலேயே பங்கு உண்டா, இல்லை வெறும் பற்றுதானா? தேவாரத்தின் பழைய பண்கள்தாம் இன்றைய ராகங்கள் என்பது சரியா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. தமிழ் பாட்டுக்கு இசையுமா என்ற கேள்வி அப்போதே நன்றாக அடிபட்டுவிட்டது. ஆசிரியை சொன்னதில் பாதி உண்மை. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில்தான் முடிகின்றன. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் தம் தாய்மொழியின் அந்த இயல்பை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்; அவருடைய கீர்த்தனைகளின் அழகைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

மற்றப் பாதியில்தான் பிழை. தமிழ்ச் சொல் எந்த மெய்யில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். வல்லினத்தில் தமிழ்ச் சொல் முடிவதே இல்லை. அங்கே குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரம் வந்து நின்றுகொள்ளும். ஈற்றில் வருபவை மெல்லினமும் இடையினமுமே. ‘தேன்’, ‘கால்’, ‘நாளும்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் மூச்சு அடைபடுவதில்லை, மூக்கின் வழியாகவோ நாவின் ஓரமாகவோ ஓடிக்கொண்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல், அளபெடுத்து நீளக்கூடிய ஒற்றுகளாக ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகியவற்றையும் ஆய்தத்தையும் குறிக்கிறது. வல்லினத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. தொல்காப்பியர் இன்னும் முன்பே, உயிர் தன் மாத்திரையைக் கடந்து ஒலிப்பதும் ஒற்றின் இசை நீள்வதும் உண்டு, ஆனால் அவை ‘நரம்பின் மறை’யைச் சேர்ந்தவை என்று நூன்மரபு என்ற இயலின் கடைசி நூற்பாவில் சொல்லிவிட்டு நகர்கிறார். நரம்பின் மறை என்றால் யாழ்நூல், அதாவது இசையிலக்கணம். எழுத்துக்கு அளவு சொல்லி முடித்த கையோடு, அந்த அளவை மீறும் உரிமை பாடகனுக்கு உண்டு என்று எல்லைக்கல் நட்ட இலக்கணம் அது.

மீறலாம், ஆனால் எங்கே? சில ஆண்டுகளுக்கு முன் திருவாரூரில் மாலை வழிபாட்டின்போது, கோயிலில் தேவாரம் பாடும் முதிய ஓதுவார் ஒருவர் ‘மீளா அடிமை’ பாடக் கேட்டேன். பறிபோன பார்வையில் ஒரு கண் காஞ்சியில் திரும்பக் கிடைத்த பிறகு, மறு கண்ணுக்காகச் சுந்தரர் திருவாரூரில் பாடிய பதிகம் என்று பெரியபுராணம் சொல்வது இது. தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகமும் இதுதான். ஓதுவார் ‘ளா’வில் நின்றார், நெடுநேரம் நின்றார். பிறகு ‘அடிமை’யை விறுவிறுவென்று சொல்லிக் கடந்துவிட்டார். அந்த ‘ளா’ ஒரு மாத்திரை குறைந்தால் ‘மீள அடிமை’ ஆகிவிடும். மீட்சியே இல்லாத அடிமை, மறுபடியும் ஆன அடிமையாகிப் பொருள் தலைகீழாகும். ‘அடிமை’யின் அகரத்தை இழுத்தாலோ ‘ஆடிமை’ என்று பொருளற்ற ஒலிதான் மிஞ்சும்.

முதல் அடியை முழுவதும் பாருங்கள்: ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே’. ஐகாரங்களை விட்டுவிட்டு எண்ணினாலே எட்டு நெடில்கள். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடிச் சங்கதி போடவும் நின்று மூச்சு வாங்கவும் சுந்தரரே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். ‘உமக்கே’யின் ‘க்’கும், ‘ஆளாய்ப்’ என்ற இடத்தில் சந்தியில் தோன்றிய ‘ப்’பும் மட்டுமே குரலை வெட்டுகின்றன. கோபத்தோடு முறையிடும் பாட்டுக்கு அந்த வெட்டும் வேண்டியதுதான்.

வெட்டையே முதலாக்கிப் பாடியவர் அருணகிரிநாதர். ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதன் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’. இதில் ‘த்’ ஒவ்வொன்றும் மிருதங்கத்தின் அடி போல விழுகிறது. வல்லொற்றை எடுத்துவிட்டால் தாளமே போய்விடும். ஆக, குரல் நீள நெடிலும் மெல்லொற்றும், தாளம் விழ வல்லொற்றும் என்று இரண்டு வசதிகள் இருக்க, ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறோம். மெட்டை முதலில் வைத்துக்கொண்டு குறிலை நெடிலாக இழுத்து நிரப்பும் தமிழ்க் கீர்த்தனைகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியையின் காதில் விழுந்தவை அவையாகவே இருக்கலாம்.

கச்சேரியில் தமிழ் பின்னுக்குப் போனதற்குத் தஞ்சை நாயக்கர் அவையில் தெலுங்கு பெற்ற இடத்திலிருந்து காரணம் தேட வேண்டுமே தவிர, மெய்யெழுத்திலிருந்து அல்ல.

பண்ணும் ராகமும் ஒன்றா என்பதில் நம்மவர்களின் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. ஓதுவார்கள் இன்று செந்துருத்தியை மத்தியமாவதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், நட்டபாடையை நாட்டையிலும் பாடுகிறார்கள். இது வழிவழியாக வந்த வழக்கு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியபோது ஒலித்தது இதுவே என்பதற்கு அது சான்றாகாது. தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வந்ததே இதில் பேசித் தீர்க்க வேண்டியவை நிறைய இருந்ததால்தான். மேடைகளில் பண்-ராகப் பட்டியலை வாய்ப்பாடு போல ஒப்பிப்பதைக் கேட்கும்போது, அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து பாடியும் வாதாடியும் பார்த்த புலவர்களையும் ஓதுவார்களையும் நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியையிடம் வாதாட வேண்டாம், நண்பரே. மகளை அந்த ஓர் அடியை முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு தாளமில்லாமல், விருத்தம் போல, மத்தியமாவதியில் பாடச் சொல்லுங்கள். ‘ளா’வில் எவ்வளவு நேரம் நின்றாலும் சரியாக இருக்கும், ‘அடிமை’யின் ‘டி’யில் நிற்கப் பார்த்தால் அவளே திருத்திக்கொள்வாள்.