ஷோரூமுக்குக் கிளவுட் மென்பொருள், ஏஐ: டெல்டா டீலர்கள் கேட்டவையும் பதில்களும்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் ஷோரூமும் சர்வீஸும் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கம்பெனி டிஎம்எஸ் (வண்டிக் கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் நிர்வாக மென்பொருள்), டேலி, எக்செல், வாட்ஸ்அப் என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும் கணக்கை, இணையம் வழியே ஓடும் ஒரே கிளவுட் மென்பொருளுக்குக் கொண்டுவருவதைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள்.

கும்பகோணம், டூவீலர் ஷோரூம்: கம்பெனி கொடுத்த டிஎம்எஸ் ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல இன்னொண்ணா? ஒரே என்ட்ரியை ரெண்டு தடவை போட ஆள் இல்லைண்ணே.

ரெண்டு தடவை போட வைக்கிற மென்பொருள் என்றால் வாங்கவே வேண்டாம். கம்பெனி டிஎம்எஸ் கம்பெனியின் தேவைக்கானது: வண்டி அனுப்பியது, விற்றது, வாரன்டி. ஃபைனான்ஸ் பாக்கி, எக்ஸ்சேஞ்ச் வண்டி, கிளைக் கல்லாப்பெட்டி எல்லாம் உங்கள் தேவை, அது அங்கே இருக்காது. டெமோவுக்கு வருகிறவரிடம் நேற்று போட்ட உங்கள் பில் ஒன்றைக் கொடுங்கள். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வேரியன்ட், கலர், டீலர் விலை இந்த ஐந்தும் தட்டச்சு செய்யாமல் தானாக வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். "அடுத்த வெர்ஷனில் வரும்" என்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கம்பெனித் திரையைத் தானாகப் படித்து எடுக்கும் பாட் போட்டுத் தருவார்கள். கம்பெனி திரையில் ஒரு பட்டனை இடம் மாற்றினாலே அது நின்றுபோகும். டீலர் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று ஏரியா மேனேஜரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மன்னார்குடி, டிராக்டர் டீலர்: பத்து வருஷ டேட்டா எக்செல்ல இருக்கு. பேரெல்லாம் பழைய தமிழ் ஃபான்ட்ல. அப்படியே ஏத்திடலாமா சார்?

ஏற்றக் கூடாது. இங்கே வரும் கோளாறுதான் பின்னால் ஏஐயின் கோளாறு மாதிரித் தெரியும்.

முதலில் எண்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். எண்களுக்கு நடுவே ஒற்றை 'ஈ' எழுத்து உள்ள பார்ட் நம்பரை அடுக்கு எண்ணாக மாற்றிவிடும். 15 இலக்கத்துக்கு மேலான எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அப்படிச் சேமித்த பிறகு பழைய எண்ணை மீட்க வழியில்லை. டேட்டா மெனுவில் போய் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வைத்து, எல்லா நெடுவரிசையையும் டெக்ஸ்ட் என்று குறித்த பிறகே திறக்க வேண்டும்.

கார், பைக் சேசிஸ் நம்பர் 17 இடம் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. பூஜ்யத்தை ஓ என்றும் ஒன்றை ஐ என்றும் அடித்திருந்தால் இந்த ஒரு விதியே பிடித்துக் கொடுத்துவிடும். டிராக்டருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் மாறும், எனவே தனி விதி எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஃபான்ட் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு கொம்பு, கால், ஒற்றுப்புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு ஐம்பது பெயரையாவது வாசித்துப் பாருங்கள். அப்பா பெயருக்கும் ஊருக்கும் தனிக் கட்டம் வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், ஆர்சியில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள். இதற்கு நேர்மாறாக, வீட்டில் நாலு பேருக்கும் ஒரே செல் நம்பர் இருக்கும். அதனால் செல் நம்பரை வைத்து ஆட்களைத் தானாக இணைக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அண்ணன் வாங்கிய டிராக்டரின் சர்வீஸ் நினைவூட்டல் தம்பி பெயரில் போகும்.

மாறும் தேதி ஏப்ரல் 1 என்றால் கணக்குக்கு நல்லது. வண்டி எடுப்பது குறையும் மார்கழியில் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அதே டீலர்: அறுவடைப் பணத்தை ரொக்கமா கொண்டு வர்றாங்க. மென்பொருள் இதைப் பிடிக்குமா?

பிடிக்கும்படி அமைக்க வேண்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கக் கூடாது. நாள் நாளாகப் பிரித்து வாங்கினாலும் அதே விதிதான், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். முன்பணம் மன்னார்குடியிலும் மீதி தஞ்சாவூரிலும் கட்டினால் கிளைவாரி ரசீதில் இது தெரியாது. சேசிஸ் நம்பர் அல்லது புக்கிங் எண் வாரியாக ரொக்கத்தைக் கூட்டி, 1,99,999-க்கு மேல் ரசீதே அடிக்காதபடி தடுப்பு போடச் சொல்லுங்கள். வெறும் எச்சரிக்கைச் செய்தி போதாது. அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

தஞ்சாவூர், கார் ஷோரூம்: அடுத்த மாச விற்பனையை ஏஐ சொல்லிடும்ங்கறாங்க. நம்பி ஆர்டர் போடலாமா?

நம்மூர்க் காலண்டரைக் கொடுக்காமல் போட்டால் ஸ்டாக் தேங்கும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது, ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆங்கில மாதக் கணக்கில் ஜூலை பாதி நன்றாகவும் பாதி மந்தமாகவும் இருப்பதால் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. ஆயுத பூஜை 2023-இல் அக்டோபர் 23, 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1. போன வருடம் இதே வாரம் என்று ஒப்பிடும் ஏஐ மாதிரி (மாடல்) ஒவ்வொரு வருடமும் தவறும். தமிழ் மாதம், முகூர்த்த நாள், ஆயுத பூஜை, தீபாவளி ஆகியவற்றைத் தனி நெடுவரிசைகளாகச் சேர்த்துக் கொடுங்கள்.

அதைவிட முக்கியம், எந்தத் தேதியை வைத்துக் கற்றுக்கொள்கிறது என்பது. ஆடியில் அட்வான்ஸ் கட்டி ஆவணியில் டெலிவரி எடுப்பவர்கள் இங்கே நிறைய. பில் தேதியை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு ஆடியில் ஆளே வரவில்லை என்று தோன்றும். விசாரணை, புக்கிங், பில், டெலிவரி நாலு தேதியும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்.

டிராக்டருக்கு மேட்டூர் திறக்கும் தேதியையும் சேர்க்க வேண்டும். வழக்கமான நாள் ஜூன் 12. 2024-இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த வருடத்துக் குறுவைப் பருவ விற்பனையை இயல்பானதாக எடுத்துக்கொண்டால் அடுத்த கணிப்பும் சாயும்.

திருவாரூர், ஸ்பேர்ஸ் கவுன்ட்டர்: எது எப்ப ஆர்டர் போடணும்னு தானா சொல்லுமா?

சொல்லும். கணக்கு எளிது: ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வரும் நாட்களால் பெருக்கி, பாதுகாப்புக்கென்று கூடுதலாக வைக்கும் கையிருப்பைக் கூட்டு. ஆயில் ஃபில்டர் நாளுக்கு 4, வர 5 நாள், பாதுகாப்பு 8 என்றால் இருப்பு 28-க்கு இறங்கும்போது ஆர்டர். தவறுவது எங்கே என்றால், இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் பதிவாவதில்லை. இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களை மென்பொருள் 'கேட்பார் இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் அளவைக் குறைத்துவிடும். கவுன்ட்டரில் 'கேட்டார், இல்லை' என்று ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும். சேற்றுழவு நேரத்தில் ஆயில் சீல், பேரிங் கேட்பது கூடும். அந்த வாரங்களுக்குப் பாதுகாப்பு அளவைத் தனியே வையுங்கள்.

மயிலாடுதுறை, விற்பனை மேலாளர்: வாட்ஸ்அப் பாட் வாடிக்கையாளருக்குத் தப்பான ஆன்ரோடு விலை சொல்லிடுச்சு.

விலையை மொழி மாதிரியிடம் (பாட்டுக்குள் இருந்து பேசும் ஏஐ) விடக் கூடாது. அது கேட்கிறவர் பேச்சைப் புரிந்துகொள்ளட்டும், 'வெள்ளைல டாப் மாடல் கெடைக்குமா' என்பதை வேரியன்ட் கோடாக மாற்றட்டும். விலை மட்டும் தேதியிட்ட விலைப் பட்டியலிலிருந்தே வரணும். பட்டியலில் இல்லாவிட்டால் 'எங்கள் ஆள் கூப்பிடுவார்' என்று சொல்லி நிறுத்தணும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறியது: சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18, டிராக்டருக்கு 12 போய் 5. பழைய பிடிஎஃப் பட்டியல் பாட்டின் கோப்புறையில் கிடந்தால் அதைத்தான் சொல்லும். தேடி எடுத்து நீக்குங்கள்.

நாகப்பட்டினம்: புயல் வந்தா நெட்டும் கரண்டும் போயிடும். கஜா அப்ப பட்ட பாடு தெரியும். கிளவுட் நமக்கு ஆகுமா ஐயா?

கஜா புயலில், டேட்டாவைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தவர்களுக்கும் கரண்ட் இல்லை. கிளவுடில் இருந்தால் டேட்டா நனையாது, அந்த வகையில் நாகைக்கு இதுவே நல்லது. ஆனால் வேலை நிற்காமல் இருக்கச் சில ஏற்பாடு வேண்டும். ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனியின் சிம் போட்ட ரவுட்டர் ஒன்று. ரவுட்டருக்கென்று தனி யுபிஎஸ். மாதம் ஒருமுறை ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டு பில் போட்டுப் பாருங்கள்.

மென்பொருள் நிறுவனமே முடங்குவதும் உண்டு. 2024 ஜூன் 19 அன்று சைபர் தாக்குதலால் அமெரிக்காவில் சிடிகே குளோபல் தன் சேவையை நிறுத்தியது. வட அமெரிக்காவில் சுமார் 15,000 டீலர்கள் அதன் வாடிக்கையாளர்கள், பல ஷோரூம்கள் காகிதத்துக்குத் திரும்பின. ஆகவே தினமும் கடை மூடும்முன் சேசிஸ்வாரி ஸ்டாக், முடியாத ஜாப் கார்டு (சர்வீஸ் வேலைச் சீட்டு), வரவேண்டிய பாக்கி மூன்றையும் ஒரு லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். தனி வரிசை எண்ணோடு அச்சடித்த பில் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும்.

கும்பகோணம், கணக்காளர்: கிளைக்குக் கிளை பில் நம்பர் எப்படி வைக்கறது?

ஜிஎஸ்டி பில் எண் 16 இடத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது. கிளைக்கு மூன்று எழுத்து, சாய்கோடு, நிதியாண்டு (25-26 போல), சாய்கோடு, ஐந்து இலக்கம்: மொத்தம் 15. பழைய மென்பொருளின் வரிசையை நடு ஆண்டில் அப்படியே தொடராதீர்கள் மேடம், முன்னெழுத்தை மாற்றிவிடுங்கள். ஜிஎஸ்டி மாறிய 2025 செப்டம்பர் 22-க்கு முன் விற்றதற்கு இப்போது கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டால் பழைய வரி விகிதமே வரவேண்டும். மென்பொருள் இன்றைய விகிதத்தை எடுக்கிறதா என்று ஒன்று போட்டுச் சோதியுங்கள்.

பட்டுக்கோட்டை, பழைய கார்: மார்ஜின்ல ஜிஎஸ்டி சரியா வருமா?

2025 ஜனவரி 16 முதல் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் லாபத்தின்மேல் 18 சதவீதம். 3,20,000-க்கு வாங்கி வரி நீங்கலாக 3,65,000-க்கு விற்றால் லாபம் 45,000, வரி 8,100. ஒரு வண்டி நஷ்டத்தை இன்னொரு வண்டி லாபத்தில் கழிக்க முடியாது. பல மென்பொருள்கள் பெயின்ட், டயர்ச் செலவைக் கொள்முதல் விலையோடு சேர்த்து மார்ஜினைக் குறைத்துக் காட்டும். அந்த இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பாபநாசம், ரெண்டு மெக்கானிக் உள்ள ஒர்க்‌ஷாப்: எனக்குத் தேவையாண்ணே?

இப்போது வேண்டாம் தம்பி. ஜாப் கார்டும் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் ஒரு பகிர்ந்த ஷீட்டில் ஒழுங்காக ஏறட்டும். அதுவே பின்னால் பயன்படும்.

தஞ்சாவூர்: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும்?

டேட்டா உங்களுடையது என்ற வரி. விலகும்போது முழு டேட்டாவும் ஜாப் கார்டுப் படங்களும் எத்தனை நாளில், எந்த வடிவத்தில், என்ன கட்டணத்தில் தருவார்கள் என்பது. உங்கள் வாடிக்கையாளர் டேட்டாவை வைத்துத் தங்கள் ஏஐக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்பது. பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும், திருத்தத் தடயத்தை (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு) யாரும் அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே சோதனைக் கணக்கிலிருந்து முழு டேட்டாவையும் ஒருமுறை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.