பிரேக்கிங் ஆடும் பையனை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் பையன் சாயங்காலம் பூங்காவில் நாலைந்து பேரோடு தலைகீழாகச் சுற்றுகிறான், தொளதொள சட்டையோடு அலைகிறான், கெட்ட சகவாசமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிக்கு மட்டம் போட்டதாகவோ வேறு கெட்ட பழக்கமோ அதில் இல்லை. உடையும் ஆட்டமும்தான் உங்களை உறுத்துகின்றன.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் பிரேக்கிங், பிரேக் டான்ஸ் என்று நாம் சொல்வது. அதன் கதையைக் கேளுங்கள். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய 18 வயதுப் பையன் தன் தங்கை வைத்த விருந்தில் பாட்டுப் போட்டான். டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர் அவர்தான். பாட்டில் தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டை, அதாவது பிரேக்கை, நீட்டி நீட்டிப் போடுவார். அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

அதே ஆட்டம் பிரான்சுக்குப் போனபோது, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புறநகர்க் குடியிருப்புகளில் ஆடினார்கள். அங்கே அரசே கலைக்குப் பணம் கொடுப்பதால் அது அரங்கம் ஏறியது. முராத் மெர்சூக்கி என்ற ஹிப்ஹாப் (பிரேக்கிங்கும் அடங்கிய தெரு நடன வகை) கலைஞர் 2009-இல் கிரெத்தெய் நகரின் தேசிய நடன மையத்துக்கே இயக்குநரானார். ஜப்பானில் 2012 முதல் நடுநிலைப் பள்ளிகளில் நடனம் கட்டாயப் பாடம், ஹிப்ஹாப்பும் அதில் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் போட்டியின் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற அமி ஜப்பான்காரர். பிராங்ஸில் ஏழைப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்தது ஜப்பானில் பள்ளிக்கூடப் பாடமாகிவிட்டது. ஆடுபவர்களைவிட, சுற்றியிருக்கும் சமூகம்தான் அதற்கு இடம் கொடுக்கிறது அல்லது மறுக்கிறது.

நம் ஊரில் அப்படிப்பட்ட படிக்கட்டு இல்லை. அதைப் பையனிடம் நேராகச் சொல்லுங்கள். ஒலிம்பிக்கைக் காட்டி அவன் வாதாடுவான். 2028 லாஸ் ஏஞ்சலஸில் பிரேக்கிங் கிடையாது. ஸ்டுடியோவில் சொல்லிக்கொடுப்பது, சினிமாவில் குழுவில் ஆடுவது எல்லாம் உண்டுதான், ஆனால் மாதச் சம்பளம் போல வராது. முழங்கால் போனால் அதுவும் நிற்கும். ஆகவே பட்டம் வேண்டும்.

அவன் உயிரியல் குரூப் என்றால் பிசியோதெரபியை யோசியுங்கள். உடம்பு எப்படி வளைகிறது, எங்கே அடிபடுகிறது என்று அவனுக்கு இப்போதே தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றால் விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது வீடியோ, வடிவமைப்பு சார்ந்த படிப்பு, பார்க்கலாம். சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டு தொடர்பான படிப்புகளை அங்கே ஒருமுறை நேரில் விசாரியுங்கள்.

ஆட்டத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு அசைவுக்காக மூன்று மாதம் விழுந்து எழுந்தவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிடிவாதம் எந்தப் படிப்புக்கும் உதவும். பரீட்சைக்கு முந்தைய மாதம் வாரம் இரண்டு நாள் போதும் என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அப்புறம், ஒரு நாள் நீங்களும் பூங்காவுக்குப் போய் அந்தப் பையன்களிடம் பேசுங்கள். சிமெண்ட் தரையில் தலையால் சுற்றுகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலில் ஒரு நல்ல மேட் வாங்கிக் கொடுங்கள், கழுத்து முக்கியம்.