டர்னரின் கோட்டையும் பவானிசாகர் விடியலும்

வணக்கம். ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த ‘நார்ஹாம் கோட்டை, சூரிய உதயம்’ ஓவியத்தின் அச்சுப்படியைக் கோபியில் உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியும், வெறும் பனிமூட்டம்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

கோட்டையைத் தேடுவதை விட்டுவிட்டு, முதலில் முன்புறத் தண்ணீரில் நிற்கும் மாட்டைப் பாருங்கள். அந்தப் பழுப்பு நிறத்தில் கண்ணை ஊன்றி, அங்கிருந்து மெல்லப் பின்னே நகர்த்தினால்தான் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் ஓடும் ட்வீட் ஆற்றின் அசைவற்ற பரப்பும், அதற்கப்பால் ஒளியில் கரைந்து நீலமாக நிற்கும் இடிந்த கோட்டையின் தொலைவும் பிடிபடும். கல் எங்கே முடிகிறது, அதன் நிழல் நீரில் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாததே இதன் அழகு என்பேன்.

1797இல் அவ்விடத்தை முதன்முதலாகக் கண்ட டர்னர், பல முறை அதை வரைந்தபின், 1845 வாக்கில் தீட்டி முடிக்காமல் விட்ட படம் இது. ஆகவே விவரங்கள் குறைவாக இருப்பது உங்கள் கண்ணின் கோளாறன்று.

பவானிசாகர் அணையில் நீர் வற்றும்போது வெளிப்படும் டணாய்க்கன் கோட்டைக் கோயிலை விடியலில் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மங்கல் புதிதாக இராது. படத்துக்கு எதிரே டியூப்லைட் இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள். கண்ணாடியில் அது பட்டால் இந்த வெளிர் நீலம்தான் முதலில் மறையும்.